தொட்டில் கட்டிய முருங்கை

ரெட்டியார்சத்திரத்துத் தையல்காரர் ராயப்பராஜின் மனைவி ஜெயமேரி திண்டுக்கல் டவுனில், மாதா கோயிலுக்குப் பின் தெருவில் பிறந்தவள். அப்பா பள்ளிக்கூட வாத்தியார். எட்டாவது வரைக்கும் படிக்கவைத்து, அதற்கு மேல் வசதியில்லாமல், நல்ல கைத்தொழில்காரன் என்று சொல்லி ராயப்பராஜுக்குக் கட்டிக்கொடுத்தார். பஸ் நிற்கிற இடத்துக்குப் பக்கத்தில் ஓட்டுவீடு. முன்பக்கம் கடை, பின்பக்கம் குடித்தனம், அதற்கும் பின்னால் கிணற்றடி. ராயப்பராஜ் மிஷினில் உட்கார்ந்தால் ஜெயமேரி தரையில் உட்கார்ந்து காஜா எடுப்பாள், பித்தான் வைப்பாள். கை வேலையில் இருந்தாலும் வாய் சும்மா இராது.

வந்த வாரத்திலேயே அடுத்த வீட்டுச் சண்முகவள்ளி ஒரு முருங்கைக் கிளையை ஏந்திக்கொண்டு வந்து நின்றாள்.

"புதுசா வந்தவளப் பாக்க வெறுங்கையோடவா வருவாக? இந்தா, கெணத்தடியில ஊனு. அடுத்த வருசம் ஒனக்குக் கொழம்புக்கும் வெஞ்சனத்துக்கும் பஞ்சமில்ல."

அந்தப் பக்கத்தில் முருங்கை அப்படித்தான் வீடு வீடாகப் போனது. விதை போட்டு வளர்த்தவர்கள் யாருமில்லை. கிளையை வெட்டி, வெட்டுவாயில் சாணியை அப்பி ஊன்றிவிடுவார்கள். அதற்குப் போத்து என்று பெயர். விதையில் வந்த மரம் எப்படிக் காய்க்கும் என்று சொல்ல முடியாது. போத்தில் வந்தது தாய் மரம் போலவே காய்க்கும். காய் குட்டை, விரல் மொத்தம், உள்ளே வெண்ணெய் மாதிரி சதை. கொதிக்கிற குழம்பில் போட்டால் தெருமுனை வரை மணக்கும். டவுன் மார்க்கெட்டில் அதைச் 'சத்திரத்துக் காய்' என்று பேர் சொல்லிக் கேட்டு வாங்குவார்கள். பொண்ணைக் கட்டிக்கொடுத்தாலும், புது வீடு கட்டினாலும், சண்டை போட்டுச் சமாதானமானாலும் ஒரு போத்து கைமாறும். ஆக, ஊரில் நின்ற அத்தனை மரமும் ஒரே மரத்தின் கைகள்தான்.

ஐம்பத்துமூன்றில் ஐப்பசி மழை விட்டதும் அந்த ஒரே மரத்துக்குச் சீக்கு வந்தது. அடிமரத்தில் உள்ளங்கை அகலம் பட்டை கறுத்து, அதிலிருந்து புளித்த கள் மாதிரி நீர் வடிந்தது. இலை பழுத்துக் கொட்டியது. அடுத்த மழைக்கு மரம் தானாகச் சாய்ந்தது. கருகல் என்றார்கள். ஒரு வீட்டில் மரம் செத்தால் அடுத்த வீட்டுக்காரி மனசு கேட்காமல் தன் மரத்திலிருந்து ஒரு போத்து வெட்டிக் கொடுத்தாள். அதை ஊன்றினார்கள். அதுவும் தழைத்து, ஒரு வருஷம் ஆசை காட்டிவிட்டுக் கறுத்தது. கொடுத்தவள் வீட்டு மரமும் பின்னாலேயே போனது.

ஜெயமேரிக்கு அப்போது கல்யாணமாகிப் பத்து வருஷத்துக்கு மேலாகியிருந்தது. பிள்ளை இல்லை. ஆரம்பத்தில் வேளாங்கண்ணிக்குப் போனார்கள். மதுரை ஆஸ்பத்திரிக்கும் போனார்கள். அப்புறம் ஒருநாள் இருவரும் சொல்லிக்கொள்ளாமலேயே அந்தப் பேச்சை நிறுத்திவிட்டார்கள். ஜெயமேரி அழுது முடித்துவிட்டவள். தைத்து முடித்ததை மறுபடி பிரித்துப் பார்க்கிற வழக்கம் அவளிடம் கிடையாது.

முருங்கைச் சங்கதி கடைக்குள் நுழைந்தது ஒரு கால்சட்டையால். ஐம்பத்தாறு முடிகிற சமயம், ஊர் ஊராகப் போய்ப் பயிர் முறை சொல்லித்தரும் விவசாய டெமான்ஸ்டிரேட்டர் ஒருவர் கால்சட்டைக்கு அளவு கொடுக்க வந்தார். ராயப்பராஜ் அவர் இடுப்பைச் சுற்றி டேப்பைப் போட்டபடியே கருகலைப் பற்றிக் கேட்டார்.

"சீக்கு கம்புக்குள்ளேயே இருக்கு. வெளியில தெரியுறதுக்குள்ள நீங்களே வெட்டி ஊருக்கெல்லாம் குடுத்துடுறீங்க" என்றார் அவர். "கன்னிவாடி மலையடிவாரத்துல காட்டு முருங்கை நிக்குதே, அதுக்கு வரல. பாத்தீங்களா?"

"அது வாயில வைக்க முடியாத கசப்பாச்சே, சார்."

"கசப்புதான். ஆனா தெம்பு. ரெண்டையும் கலந்து வெதை எடுத்து, அதுல வர்ற மரங்களையும் மறுபடி மறுபடி கலந்துக்கிட்டே போனா, ஒருநாள் கசப்பு போயி தெம்பு நிக்கும். எங்க ஆபீஸ்ல நெல்லுக்கும் பருத்திக்குமே ஆள் பத்தல. முருங்கைக்கு யாரு மரமேறுறது?"

"நான் ஏறுறேன்" என்றார் ராயப்பராஜ்.

டெமான்ஸ்டிரேட்டர் சிரித்தார். ஆனாலும் துணி வெட்டுகிற பலகையில் தையல் சாக்பீஸால் ஒரு முருங்கைப் பூவைப் பெரிதாக வரைந்து, எதைக் கிள்ள வேண்டும், எங்கே மகரந்தத்தைத் தடவ வேண்டும், அப்புறம் தேனீ நுழையாதபடி பூவை எப்படி மூடி வைக்க வேண்டும் என்று காட்டிக்கொடுத்தார். அந்தப் படத்தை அழிக்கக் கூடாது என்று ராயப்பராஜ் இரண்டு நாள் அந்தப் பலகையில் வேலை பார்க்கவில்லை. மூன்றாம் நாள் ஜெயமேரி ஈரத்துணியால் துடைத்தாள்.

"படம் மண்டையில ஏறிருச்சா? ஏறியிருந்தா வேலையப் பாருங்க. ஏறலைன்னா மரத்துலயும் ஏறவேணாம்."

அப்போது சத்திரத்துக் காய் காய்க்கும் மரம் என்று ஊரில் மிஞ்சியிருந்தது அவர்கள் வீட்டுக் கிணற்றடி மரம் ஒன்றுதான். அதன் அடியிலும் கறுப்பு விழுந்துவிட்டது. இன்னும் இரண்டு பூப்பு தாங்கினால் பெரிது. அதற்குள் அதில் கலப்பு விதை எடுத்துவிட வேண்டும். எடுக்காவிட்டால், அந்தக் காய் இந்த மண்ணில் இனி இல்லை.

ஞாயிற்றுக்கிழமை விடியலில் ராயப்பராஜ் சைக்கிளில் மலையடிவாரத்துக்குப் போவார். அங்கே ஆடு மேய்க்கிற சுருளிவேல் காட்டு முருங்கைப் பூவைக் கொத்தாக ஒடித்து வைத்திருப்பான்.

"என்ன டெய்லரே, எங்க மாப்பிள்ளை ஒங்க வீட்டுப் பொண்ணுக்குப் பொருத்தமா இருக்காரா?"

"மொகந்தான் கொஞ்சம் கசப்பு, அப்பு. ஒடம்பு நல்ல ஒடம்பு."

"எங்க காட்டுல எல்லாருமே அப்படித்தான்" என்பான் சுருளிவேல்.

காய்கறிக் கமிஷன் கடை வைத்திருந்த ஜமால் முகமது தன் ஏணியைக் கொடுத்ததோடு, காலையில் வந்து அதைப் பிடித்துக்கொண்டும் நின்றார். சத்திரத்துக் காய் வரத்து நின்றுபோனதில் அவருக்கும் வருத்தம். முதல் வருஷம் எல்லாம் பாழ். ராயப்பராஜ் தடவிய பூக்களையெல்லாம் காகிதப் பையால் மூடினார். ஒரு கோடை மழையில் காகிதம் ஊறி, வெயிலில் உள்ளே வெந்து, பூ அத்தனையும் அழுகிக் கொட்டியது. ராயப்பராஜ் இரண்டு வேளை சாப்பிடவில்லை.

ஜெயமேரி வெட்டுத்துண்டு மூட்டையைப் பிரித்தாள். ஜிப்பா தைத்து மிஞ்சிய மல் துணியில் சின்னச் சின்னப் பைகளாகத் தைத்தாள். காற்று போக வேண்டும், ஈ போகக் கூடாது. வாயில் சுருக்குக் கயிறு, அடியில் பூக்கொத்து நசுங்காமல் இருக்க ஒரு ஈர்க்குச்சி வளையம்.

"காகிதத்துல பொட்டலம் கட்டி வைக்க அது என்ன கடலையா?" என்றாள்.

ஐம்பத்தெட்டு மாசியில் மரம் கடைசி மூச்சைப் பிடித்துக்கொண்டு பூத்ததுபோல் பூத்தது. இந்த முறை பைக்குள் பூ நின்றது. பிஞ்சு நூலாக இறங்கியதும் ராயப்பராஜ் பையைக் கழற்றி, அதே காம்பில் அடையாளத்துக்குத் தொங்கவிட்டார். பை தொங்கினால் கலப்புக் காய். தொங்காவிட்டால் சாதாரணக் காய். அவ்வளவுதான் கணக்கு. மற்ற காய்களைப் பறிக்காமல் விட்டார்; ஏணியும் ஆளும் ஏறி இறங்கினால் பிஞ்சு உதிரும் என்று பயம்.

பெரிய வாரத்துக்கு இருவரும் டவுனில் ஜெயமேரியின் அண்ணன் வீட்டுக்குப் போனார்கள். ஈஸ்டர் முடிந்து பஸ்ஸை விட்டு இறங்கி, வீட்டுக்குள் மூட்டையை வைத்துவிட்டுக் கிணற்றடிக்குப் போன ராயப்பராஜ் அங்கேயே நின்றுவிட்டார்.

மரமெங்கும் பை. கைக்கு எட்டிய கிளையெல்லாம், எட்டாத கிளையெல்லாம் பை. சிவப்புச் சேலைத் துண்டில் ஒன்று, பச்சைத் துணியில் ஒன்று, பூப்போட்ட சீட்டித் துணியில் ஒன்று. காம்புகளில் மஞ்சள் தடவிய நூல். அடிமரத்தில் கறுத்துக் கிடந்த இடத்தில் யாரோ குங்குமம் வைத்திருந்தார்கள். வெள்ளை மல் துணிப் பை ஒன்றுகூட இல்லை.

"மேரி!" என்று அவர் போட்ட சத்தத்தில் ஜெயமேரிக்கு முன்னால் சண்முகவள்ளி ஓடிவந்தாள். அவளுக்குப் பின்னால் ஜமால் முகமதுவின் மனைவி கமர்ஜஹான், இன்னும் நாலைந்து பெண்கள்.

"யாரு இதக் கட்டுனது? ஏன்க்கா, எம் பையெல்லாம் எங்க?"

"பழசு மழையில நனைஞ்சு அழுக்கா இருந்துச்சு தம்பி. அழுக்குத் துணி ஆகாதுல்ல? அவுத்துக் கொளத்துல விட்டுட்டு, புதுசாக் கட்டிருக்கோம்" என்றாள் சண்முகவள்ளி. அப்புறம் ஜெயமேரியைப் பார்த்துக் குரலைத் தாழ்த்தினாள். "எங்ககிட்டச் சொல்லாம ஒனக்கு நீயே தொட்டில் கட்டியிருக்க பாரு. நாங்க என்ன அந்நியமா? ஒருத்தி கட்டுறதுக்குப் பத்துப் பேரு கட்டுனா சாமி சீக்கிரம் கேக்கும்னுதான் நீ ஊர்ல இல்லாதப்பக் கட்டுனோம். நீ கூச்சப்படுவேன்னு."

பிள்ளை வரம் கேட்கிறவர்கள் மரத்தில் சின்னத் துணித்தொட்டில் கட்டுவது அந்தப் பக்கத்தில் வழக்கம். ஜெயமேரி தைத்த பை, சுருக்குக் கயிறும் ஈர்க்கு வளையமுமாகக் காற்றில் ஆடும்போது, அச்சு அசலாக அப்படித்தான் இருந்திருக்கிறது.

"அது தொட்டில் இல்லக்கா!" என்றார் ராயப்பராஜ். "பூவுக்குப் பூ கலந்துருக்கேன். காட்டு முருங்கையோட சேத்து வெதை எடுக்குறதுக்கு. எது கலந்த காயின்னு அடையாளத்துக்குக் கட்டுனது. ரெண்டு வருசப் பாடு! இப்ப எது எதுன்னு எனக்கு எப்படித் தெரியும்?"

பெண்கள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள்.

"பாவம், வெக்கப்படுறாரு" என்றாள் கமர்ஜஹான், மெதுவாக. "ஆம்பளையே மரமேறித் தொட்டில் கட்டிருக்காரு. எங்க வீட்டுல உள்ளதும் இருக்கே, ஏணிய மட்டும் புடிக்கும்."

எல்லாரும் இப்போது ஜெயமேரியைப் பார்த்தார்கள். அவள் ஒரு வார்த்தை சொன்னால் போதும். ஆமாம், அது வெறும் பைதான் என்றால் நம்பிவிடுவார்கள். அவளுக்கு முதலில் வந்தது கோபம். பத்து வருஷமாக இவர்கள் என்னைப் பற்றி இப்படித்தான் நினைத்துக்கொண்டிருந்தார்களா? பிறகு அந்தப் பச்சைத் துணித்தொட்டிலைப் பார்த்தாள். கமர்ஜஹான் பெருநாளைக்கு எடுத்த சட்டைத்துணி அது. தைத்துக் கொடுத்ததே ஜெயமேரிதான். அதில் ஒரு ஓரத்தை வெட்டியிருக்கிறாள். தையல் கோணல்மாணலாக ஓடியது. ஊசி பிடித்துப் பழகாத கை.

"யாரு யாரு எதுல கட்டுனீகன்னு ஞாபகம் இருக்கா?" என்றாள்.

"அது எப்படி மறக்கும்?" என்றாள் சண்முகவள்ளி. "நான் கட்டுனது அந்தா, கெணத்துப் பக்கம் சாஞ்ச கெளையில."

"அப்பக் காயெல்லாம் மரத்துலயே முத்தட்டும். அவுகவுக கட்டுன காம்புல உள்ள காயி அவுகவுகளுக்கு. வெதைய எடுத்து, ஒங்க பழைய மரம் செத்துப்போன அதே குழியில போடுங்க."

"செத்த குழியிலயா? அது ஆகுமாடி?"

"எனக்காகக் கட்டுனீகல்ல? எனக்காகப் போடுங்க."

அவர்கள் போன பிறகு ராயப்பராஜ் அடுப்படிக்கு வந்தார்.

"நீ ஏன் மேரி சொல்லல?"

"நீங்கதான் தொண்டை கிழியச் சொன்னீகளே. கேட்டாளுகளா?"

"நீ சொல்லியிருந்தாக் கேட்டிருப்பாக."

"கேட்டிருப்பாளுக. கேட்டுட்டு, முருங்கைக்கு இம்புட்டு ஆட்டமான்னு போயிருப்பாளுக. எது கலந்த காயின்னு நமக்குத் தெரியாது. அம்புட்டு வெதையும் மொளைக்கணும், செத்த குழியில வச்சு அம்புட்டுக்கும் சீக்கு தொடணும், அதுல நிக்கிறது எதுன்னு பாக்கணும். அதுக்கு நம்ம கெணத்தடி பத்துமா? வேண்டுதல்னா ஆளுக்கு ரெண்டு கன்ன ஆட்டுக்கும் மாட்டுக்கும் குடுக்காம வளப்பாளுக." அவள் உலையைத் திறந்து பார்த்து மூடினாள். "தொட்டில் எறங்குற வரைக்கும் மரத்துல கத்தி படாது."

"எறங்குற வரைக்கும்னா..."

"ஆமா. எனக்குப் பொறக்குற வரைக்கும்."

ராயப்பராஜ் சட்டியில் இருந்த வெங்காயத்தை உரிக்க ஆரம்பித்தார்.

ஆடியில் விதை விழுந்தது. அந்த ஐப்பசி மழையில் கிணற்றடி மரம் ஒரு மத்தியானம் காற்றே இல்லாத நேரத்தில் சாய்ந்தது. துவைக்கிற கல்லின்மேல் பச்சை, சிவப்பு, மஞ்சள் துணிகளோடு அது கிடந்தபோது ராயப்பராஜ் பார்க்க மாட்டேன் என்று கடையைவிட்டு எழுந்திருக்கவில்லை. ஜெயமேரிதான் தொட்டில்களை ஒவ்வொன்றாக அவிழ்த்து, கட்டியவர்களிடமே கொடுத்து, கன்றுக்குப் பக்கத்தில் குச்சி நட்டுக் கட்டச் சொன்னாள்.

தை பிறந்ததும் ஒருநாள் சண்முகவள்ளி கையில் சட்டியோடு கோபமாக வந்தாள்.

"என்னத்த வெதை குடுத்த? கொழுந்த ஒடிச்சுத் தொவட்டுனா வேப்பங்கொழுந்துதான் தோத்துச்சு. எங்க வீட்டுக்காரரு தட்டத் தள்ளிட்டு எந்திருச்சுட்டாரு. ஒண்ணு கசக்கல, ஒண்ணு இப்படி."

மிஷின் நின்றது. ராயப்பராஜ் டேப்போடு வெளியே வந்தார்.

"கசக்குதா? நெசமாவாக்கா?"

"இந்தாரும், நீரே தின்னு பாரும்."

அவர் சட்டியிலிருந்து ஒரு வாய் எடுத்துப் போட்டு மென்றார். கண்ணில் நீர் வந்துவிட்டது. "மேரி, கசக்குதுடி!" என்று அவளிடம் ஓடினார். சண்முகவள்ளி இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்தாள்.

அன்றைக்கு முழுவதும் அவர் வீடு வீடாகப் போய்க் கன்றுகளின் இலையைக் கிள்ளித் தின்றார். கசந்தால் காட்டு அப்பன் கலந்திருக்கிறான் என்று அர்த்தம். அதன் காம்பில் வெள்ளை நூலைக் கட்டினார். மற்றவை தாய் மரத்தின் ருசியோடு வந்த பிள்ளைகள். ஒன்றிரண்டு வருஷம் பூத்துக் காய்த்துவிட்டுக் கருகலில் போகக்கூடியவை. அவை போவதற்குள் அவற்றின் பூவையும் கசப்பு மரங்களின் பூவையும் மறுபடி கலக்க வேண்டும். வீட்டுக்கு வந்தபோது அவர் வாய் சுண்டிப் போயிருந்தது. இரண்டு நாள் காப்பி குடித்தாலும் கசந்தது.

அதன் பிறகு வருஷா வருஷம் மாசி பங்குனியில் அதே வேலை. ஜெயமேரி பை தைப்பாள்; ராயப்பராஜ் ஏறுவார்; ஜமால் முகமது ஏணியைப் பிடிப்பார். வெள்ளைப் பை தொங்குகிற காம்பில் இனித் தொடக் கூடாது என்று மட்டும் ஜெயமேரி கண்டிப்பாகச் சொல்லிவைத்தாள். பெண்கள் பக்கத்துக் கிளையில் கட்டிக்கொண்டார்கள். ராயப்பராஜ் போகிற வீட்டிலெல்லாம் உண்மையைத்தான் சொன்னார். "இது கலப்பு எடுக்கிறது" என்பார். "ஆமாமா" என்பார்கள். அவர் இறங்கிப் போனதும், "பொண்டாட்டி மேல என்ன பாசம் பாரு" என்பார்கள்.

கசப்பு மரங்களில் காய் சரம் சரமாகத் தொங்கியது, யாருக்கும் உதவவில்லை. இடத்தை அடைத்துக்கொண்டு நின்ற மரத்தை ஒருத்தியும் வெட்டவில்லை. அதற்கான விலையை ஜெயமேரி கொடுத்துக்கொண்டிருந்தாள். தண்ணீருக்குப் போனால், பூசைக்குப் போனால், பஸ்ஸில் உட்கார்ந்தால், "விசேஷம் உண்டா?" அவள் புளியங்காயை மென்றுகொண்டிருப்பதை யாராவது பார்த்தால், அடுத்த வாரம் அவளுக்கு ஒரு மடி புளியங்காய் வந்து சேரும். அவள் சிரித்து வாங்கிக்கொள்வாள்.

அறுபத்திரண்டில் சண்முகவள்ளியின் மகளுக்கு வளைகாப்பு. ஜெயமேரி போயிருந்தாள். யாரோ ஒரு வெளியூர்க்காரி, நல்ல மனசோடுதான், அவள் கையையும் இழுத்து நாலு வளையலைப் போட்டு, "அடுத்தது ஒனக்குத்தான்த்தா" என்றாள். பெண்கள் குலவை போட்டார்கள். ஜெயமேரிக்கு அப்போது முப்பத்தாறு முடிந்திருந்தது. அவள் எல்லோரோடும் பந்தியில் உட்கார்ந்து சாப்பிட்டாள். வீட்டுக்கு வந்து, வளையலோடேயே, ஒரு சட்டையை எடுத்து வைத்துக்கொண்டு காஜா எடுக்க ஆரம்பித்தாள். ஒரே காஜாவை இரண்டு தடவை பிரித்துவிட்டு மூன்றாம் தடவை எடுப்பதை ராயப்பராஜ் மிஷினிலிருந்து பார்த்துக்கொண்டிருந்தார்.

"போதும் மேரி" என்றார். "நான் போயி எல்லாரையும் கூப்புட்டு வச்சுச் சொல்லிடுறேன். நீயும் பக்கத்துல நின்னு சொல்லு. வெட்டுறவுக வெட்டட்டும். முருங்கைக்காயி இல்லாம உலகத்துல எத்தனையோ பேரு சாப்புடுறாக."

அவள் நிமிரவில்லை. வளையல் துணியில் மாட்டியது, விடுவித்துக்கொண்டாள்.

"கமர்ஜஹான் வீட்டு மரத்துக் கன்னு, கசப்பு கொறஞ்சிருக்குன்னு சொன்னீகளே. எம்புட்டுக் கொறஞ்சிருக்கு?"

"பாதிக்குப் பாதி கொறஞ்சிருக்கு. ஆனா அது கெடக்கட்டும்..."

"பாதி கொறஞ்சிருச்சுன்னா இன்னும் பாதிதான." அவள் பல்லால் நூலைக் கடித்து அறுத்தாள். "வெளியூர்க்காரிக்கு என்ன தெரியும்? நீங்க அந்தக் கழுத்துப்பட்டைத் துணிய எடுங்க."

வளையல்களை அவள் கழற்றவில்லை. தானாக உடைகிற வரை போட்டுக்கொண்டிருந்தாள்.

அறுபத்தைந்து. மூன்றாம் கலப்பில் வந்த ஒரு கன்று சண்முகவள்ளி வீட்டுக் கொல்லையில், அடுத்தடுத்து மூன்று மரம் செத்த குழியிலேயே, இரண்டு மழையைத் தாங்கி நின்றது. அடிமரம் சாம்பல் நிறத்தில் சுத்தமாக இருந்தது. பங்குனியில் முதல் காய். குட்டைக் காய். ராயப்பராஜுக்கு அதைப் பறிக்கவே கை வரவில்லை. ஜமால் முகமது ஏணியை ஆட்டி, "டெய்லரே, பறிக்கிறீரா, நான் வரட்டுமா?" என்று மிரட்டிய பிறகுதான் பறித்தார்.

சண்முகவள்ளி வீட்டு அடுப்பில்தான் குழம்பு. கொதி வந்ததும் ஜமால் முகமது மூக்கை உயர்த்தி, "வாசம் வந்துருச்சு" என்றார். ராயப்பராஜ் ஒரு துண்டை வாயில் வைத்துக்கொண்டு எல்லோரையும் பார்த்தார். இத்தனை வருஷம் கசப்பைத் தின்று தின்று தன் நாக்கை அவர் நம்பவில்லை. "மேரி, நீ சொல்லு."

ஜெயமேரி தின்றாள். சதை வழுக்கிக்கொண்டு வந்தது. கசப்பு எங்காவது ஒளிந்திருக்கிறதா என்று நாக்கால் தேடினாள். கடைசியில், விழுங்கிய பிறகு, தொண்டையோரம் ஒரு சின்னக் காரல். மற்றபடி அதே காய்தான்.

"உப்புப் பத்தல" என்றாள். "காயி சரியா இருக்கு."

ராயப்பராஜ் கையைக் கழுவாமலேயே எழுந்து கொல்லைக்குப் போய்விட்டார். ஜமால் முகமதுவும் பின்னாலேயே போனார். பெண்கள் இருவரும் அடுப்படியில் மிஞ்சினார்கள்.

"அக்கா, ஒண்ணு சொல்லணும்" என்றாள் ஜெயமேரி. "அந்தத் தொட்டிலு... மொதல்ல கட்டுனது தொட்டில் இல்ல. அவரு சொன்னதுதான் நெசம்."

"தெரியும்டி."

"தெரியுமா?"

"அந்தாளு கசக்குது கசக்குதுன்னு ஆடுனாருல்ல, அன்னைக்கே தெரியும். புள்ள வரம் கேக்குறவன் கசப்புக்கு எதுக்குடி ஆடுறான்?" சண்முகவள்ளி சட்டியில் மிச்சமிருந்த துண்டைத் தன் தட்டில் போட்டுக்கொண்டாள். "எங்க வீட்டுல உள்ளது மாட்டுக்கொட்டம் போட எடம் வேணும்னு கோடாலியோட நின்னுச்சு. வேண்டுதல் மரம், வெட்டுனா கை வெளங்காதுன்னு சொல்லிவச்சேன். நீ வாயத் தெறந்து சொல்லிருந்தா நான் எதச் சொல்லித் தடுக்குறது? அதான் நானும் பேசல. ஆனா அன்னைக்கு வளைகாப்புல அவ ஒனக்கு வளையல் போட்டா பாரு, அப்ப எனக்குச் சோறு எறங்கல."

ஜெயமேரிக்குச் சிரிப்பு வந்தது. சிரிக்க ஆரம்பித்தது பாதியில் வேறு மாதிரி ஆகிவிட்டது. சண்முகவள்ளி சேலைத் தலைப்பை நீட்டினாள். "மொகத்தத் தொடை. ஆம்பளைங்க வந்துருவாக."

"மத்தவளுகளுக்கும் தெரியுமாக்கா?"

"பாதிப் பேருக்குத் தெரியும். கமர்ஜஹான்தான் பாவம். இன்னும் ஒவ்வொரு நோம்புக்கும் ஒனக்காக துஆ கேட்டுக்கிட்டிருக்கா."

கொல்லையில் அதற்குள் சத்தம். சேதி பரவி ஆட்கள் வந்துவிட்டார்கள். ஆளுக்கொரு போத்து கேட்டார்கள். ராயப்பராஜ் மரத்துக்கு முன்னால் கையை விரித்துக்கொண்டு நின்றார். "போத்துக் கெடையாது! வெதைதான். இந்த மரத்து வெதை கொஞ்சம், அந்த வீட்டு மரத்து வெதை கொஞ்சம். ஒரே மரத்த ஊரெல்லாம் நட்டுட்டு மறுபடியும் ஒண்ணாச் சாகக் குடுக்கணுமா?" "வெதையில வந்தது எப்படிக் காய்க்கும்னு யாரு கண்டா?" என்று ஒருவர் கேட்டார். "ஒம்பது வருசமா நான் கண்டுக்கிட்டுத்தான இருக்கேன்" என்றார் ராயப்பராஜ்.

ஜெயமேரி அங்கே நிற்கவில்லை. இனி இந்த மரங்கள் நிற்பதற்கு அவள் பேர் தேவையில்லை, காயே போதும். ஒரு கிண்ணத்தில் குழம்பை ஊற்றி மூடி, கமர்ஜஹான் வீட்டுக்கு நடந்தாள்.

கமர்ஜஹான் அரிசி புடைத்துக்கொண்டிருந்தாள். ஜெயமேரி உட்கார்ந்து ஆதியிலிருந்து சொன்னாள். பை தைத்தது, தொட்டில் என்று அவர்கள் நினைத்தது, தான் வாய் திறக்காமல் இருந்தது, ஏன் இருந்தது. கமர்ஜஹான் முறத்தை மடியில் வைத்தபடி கேட்டாள். முகம் சிவந்துகொண்டே போனது.

"ஏழு வருசமா!" என்றாள். "ஏழு வருசமா நான் அழுது கேட்டுக்கிட்டிருக்கேன், நீ பாத்துக்கிட்டு இருந்திருக்க."

"தப்புத்தான். திட்டு."

"திட்டத்தான் போறேன். செத்த நேரம் இரு, மூச்சு வாங்கிக்கிறேன்." அவள் முறத்தைக் கீழே வைத்தாள். கிண்ணத்தைத் திறந்து முகர்ந்தாள். ஒரு துண்டை எடுத்துச் சப்பினாள். கோபம் இன்னும் இருந்தது. ஆனாலும் அடுத்த துண்டை எடுத்தாள்.

"அப்ப எங்க கொல்லையில நிக்கிறது? அந்தக் கசப்பு மரம்?"

"இனிமே வேணுங்கிறப்ப வெட்டிக்கலாம். எனக்காக வச்சிருக்க வேணாம்."

"யாரு வெட்டுறது?" கமர்ஜஹான் நிமிர்ந்து பார்த்தாள். "ஆட்டுக்குக் குழை ஒடிக்கிறது அதுலதான். ஒனக்காக வச்சிருக்கேன்னு யாரு சொன்னா? நிக்கட்டும் அது பாட்டுக்கு."

பிறகு கிண்ணத்தை ஜெயமேரியின் பக்கம் நகர்த்தி, "நீ தின்னியா?" என்று கேட்டாள். இருவரும் ஆளுக்கொரு துண்டாக எடுத்துத் தின்றார்கள்.